பழைய படத்தைக் குழுவில் போட்டால் முகம் மெழுகாகிவிடுகிறது, எப்படிச் சுருக்கி அனுப்புவது?

தங்கச்சிமடத்துப் பேத்தி:

வணக்கம். படம் அனுப்புவதில் ஒரு பெரிய தவறு நடந்துவிட்டது. மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பத்தா பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் ஆனது எல்லாம் தனுஷ்கோடியில். 1964 டிசம்பர் புயலில் வீடு, பாத்திரம் பண்டம், பத்திரம் எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு படம், அதுவும் அப்பத்தாவின் அக்காளைப் புயலுக்கு முன்பே தங்கச்சிமடத்தில் கட்டிக்கொடுத்திருந்ததால், அந்த வீட்டு ஆல்பத்தில் ஒரு பிரதி இருந்ததால். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு வெள்ளைப் படம், நீளவாக்கில் மூன்று அங்குலம் இருக்கும், ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டியிருக்கும். இப்போது சுற்றுலா வருகிறவர்கள் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்கிற அந்த இடிந்த தேவாலயம், கூரையும் ஜன்னலுமாக முழுசாக நிற்கிறது. வாசலில் பதினோரு பேர். அப்பத்தாவுக்கு அப்போது பதினெட்டோ பத்தொன்பதோ, இரண்டாவது வரிசையில் இடது கடைசி.

போன மாதம் அதை என் போனில் படமெடுத்து எங்கள் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போட்டேன். குவைத்தில் இருக்கும் சித்தி மகன் அதைச் சேமித்து அவர்கள் குழுவில் ஏற்றினான். அங்கிருந்து எடுத்து யாரோ ஸ்டேட்டஸில் வைக்க, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெரியப்பா வெளியூரில் ஒரு கடையில் கொடுத்து, அப்பத்தாவின் பிறந்தநாளுக்கு 12-க்கு 18 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். எல்லோரும் ஆசையாகச் செய்ததுதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் சட்டத்துக்குள் இருந்தது முகமே இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் தீற்றல், கன்னமெல்லாம் மெழுகு ஊற்றியது போல. அப்பத்தா வாங்கிப் பார்த்துவிட்டு, தன் முகத்தின் மேலேயே விரலை வைத்து "இது யாருடி, எங்க அக்காளா?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் போனில் இருந்த முதல் படத்தையும், இடம் போதவில்லை என்று, குழுவில்தான் இருக்கிறதே என்ற நம்பிக்கையில், நான் ஏற்கெனவே அழித்துவிட்டேன்.

நல்லவேளை, காகிதப் படம் பத்திரமாக இருக்கிறது. அந்த ஆல்பத்தில் இன்னும் அறுபது படங்கள் வரை இருக்கின்றன. எல்லோரும் அனுப்பு அனுப்பு என்கிறார்கள். அப்படியே அனுப்பினால் ஒவ்வொன்றும் நாலு எம்பி, "போன் நிறைந்துவிட்டது" என்று அதற்கும் திட்டு விழும். எங்கள் பக்கத்தில் சிக்னலும் காற்றடித்தால் ஒரு மாதிரி, அடிக்காவிட்டால் ஒரு மாதிரி. நீயே முதலில் சுருக்கி அனுப்பு என்கிறான் தம்பி, எக்காரணம் கொண்டும் சுருக்கவே கூடாது என்கிறாள் சித்தி மகள். இதில் எது சரி?

கீழக்கரை ஸ்டுடியோ:

தங்கச்சி, இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒருவர் பார்ப்பதற்கான படத்தைப் பற்றிப் பேசுகிறார், இன்னொருவர் வைத்துக்கொள்வதற்கான படத்தைப் பற்றி. இரண்டையும் ஒரே கோப்பாக நினைத்ததுதான் உங்கள் வீட்டில் நடந்த சங்கடத்துக்குக் காரணம். இருபது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், வாரத்துக்கு ஒருவராவது இப்படி ஒரு படத்தோடு என் கடைக்கு வருகிறார்கள்.

முதலில் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளுங்கள், அப்புறம் மற்றதெல்லாம் தானாக விளங்கும். போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000-க்கு 3000 பிக்சல். அதைப் படமாகவே அனுப்பும்போது, வாட்ஸ்அப் சாதாரண தரத்தில் நீளப் பக்கத்தைச் சுமார் 1600-க்குக் குறைத்துவிடும். டெலிகிராமிலும் படமாக அனுப்பினால் குறைக்கத்தான் செய்யும். அளவைக் குறைப்பது ஒரு இழப்பு. அதற்கு மேல் ஜேபெக் (JPEG) சுருக்கம் என்று இன்னொன்று இருக்கிறது, முகத்தை மெழுகாக்குவது அதுதான்.

ஜேபெக் என்பது 1992-இல் தரமாக்கப்பட்ட முறை. படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய ஏற்ற இறக்கத்தை வைத்துக்கொண்டு, பொடிப்பொடியான மாறுதல்களை "இது கண்ணுக்குத் தெரியாது" என்று தோராயமாக்கிவிடும். மாடி வீடு, கடல், வானம் என்றால் யாருக்கும் தெரியாது. ஆனால் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் உயிரே அந்தப் பொடியில்தான் இருக்கிறது. ஃபிலிமின் மணிமணியான துகள், காகிதத்தின் சொரசொரப்பு, அதற்குள் கலந்திருக்கும் இமை முடி, உதட்டோரக் கோடு. சுருக்கும்போது துகளோடு சேர்த்து இமையும் போய்விடும். அதுவும் பதினோரு பேர் நிற்கிற படத்தில் ஒரு முகத்தின் அகலத்துக்கு எத்தனை பிக்சல் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள், நூறோ நூற்றைம்பதோ.

இது ஒரு தடவை நடந்தால் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் படம் எத்தனை தடவை போயிருக்கிறது? நீங்கள் போட்டது ஒன்று, குவைத்தில் சேமித்து மறுபடி ஏற்றியது இரண்டு, ஸ்டேட்டஸ் மூன்று, ஸ்கிரீன்ஷாட் நான்கு. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே படம் போன் திரையின் அளவுக்கு வெட்டுப்பட்டுப் புதுப் படமாகிவிடும், கட்டங்களும் இடம் மாறி விழும், அதன் மேல் மறுபடி தோராயம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: குழுவுக்குள்ளேயே ஃபார்வர்டு பொத்தானை அழுத்தி அனுப்பினால் அதே கோப்புதான் போகும், மறுபடி சுருங்காது. கேலரியில் சேமித்து, அங்கிருந்து எடுத்துப் போடும்போதுதான் ஒவ்வொரு கைமாற்றுக்கும் கொஞ்சம் தேயும்.

இப்போது பிரிண்ட் கணக்கு. 18 அங்குல நீளத்துக்கு 1600 பிக்சலைப் பரப்பினால் அங்குலத்துக்கு 89 பிக்சல்தான் விழும். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 300 வேண்டும், சுவரில் மாட்டுவதற்கு 200 இருந்தாலும் போதும். எங்கே 89, எங்கே 200. பிரிண்ட் போட்ட கடைக்காரர் வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும், எங்கள் தொழிலில் அது கடமை.

ஆகவே, வைத்துக்கொள்ளும் பிரதியைப் போனில் எடுக்காதீர்கள். ஸ்கேனரில் போடுங்கள், அங்குலத்துக்கு 1200 என்று வையுங்கள். மூன்று அங்குலம் 3600 பிக்சலாகும், 18 அங்குலத்துக்குச் சரியாக 200. கறுப்பு வெள்ளை என்றாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள், பழுப்பேறிய கறையைப் பிறகு பிரித்து எடுக்க அது உதவும். டிஃப் (TIFF) அல்லது பிஎன்ஜி (PNG) என்ற கோப்பு வடிவத்தில் சேமியுங்கள், இரண்டும் எதையும் தோராயமாக்காது. மூன்றுக்கு இரண்டு அங்குலப் படம் சுருக்காத டிஃப்பில் சுமார் 26 எம்பி வரும். அறுபது படமும் சேர்ந்தால் ஒன்றரை ஜிபி, ஒரு பென்டிரைவுக்கு அது ஒன்றுமே இல்லை. இரண்டு பென்டிரைவில் போட்டு இரண்டு வீட்டில் வையுங்கள். புயல் பார்த்த குடும்பத்துக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பார்க்கும் பிரதிக்கு வருவோம். செயலி எப்படியும் சுருக்கத்தான் போகிறது, அதை அதன் இஷ்டத்துக்கு விடாமல், மூலப் பிரதியிலிருந்து நீங்களே ஒரே ஒரு தடவை, நீளப் பக்கம் 1600, தரம் நூற்றுக்கு 80-லிருந்து 85 என்று சுருக்குங்கள். 300, 400 கேபி வரும். அறுபதும் சேர்த்தால் இருபது எம்பி சொச்சம்தான், நீங்கள் பயப்படுகிற 240 எம்பி இல்லை. செயலி அதன் மேல் ஏதாவது செய்தாலும் அளவை மாற்ற வேண்டிய வேலை அதற்குக் கிடையாது, அதனால் சேதம் குறைவு. சுருக்குவதற்குக் கூகுள் 2018-இல் கொண்டுவந்த ஸ்கூஷ் (Squoosh) என்ற கருவி நன்றாக இருக்கிறது, பிரவுசரிலேயே திறக்கும், படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது, இடது பக்கம் பழையது வலது பக்கம் புதியது என்று கோட்டை இழுத்து இழுத்துப் பார்க்கலாம். கோட்டை அப்பத்தாவின் முகத்தின் மேல் வைத்துக்கொண்டு தரத்தை இறக்குங்கள், இமை எங்கே மறைகிறதோ அதற்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள்.

பாம்பன் தெற்குவாடி:

ஸ்டுடியோ அண்ணன் சொன்னது முழுக்க உண்மை. நான் நண்டு, கணவாய் வாங்கி அனுப்புகிற இடத்தில் கணக்குப் பார்க்கிறேன், ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது படம் அனுப்புகிறேன், எனக்குத் தெரிந்த இரண்டு விஷயத்தைச் சேர்க்கிறேன்.

ஒன்று, சுருக்குவதற்கு முன் வெட்டுங்கள். எங்கள் எடை மெஷினில் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எண்கள். மெஷின், கூடை, தரை, பக்கத்தில் நிற்கிற ஆளின் கால் எல்லாம் சேர்த்துப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் 38.6 கிலோ நீலக்கால் நண்டு, வாங்குகிறவர் 36.6 என்று பார்த்துவிட்டார். இரண்டு கிலோ நண்டுக்கு என்ன பணம் என்று நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், அதற்காக இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு என் போனில் நான் அனுப்பிய அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டின் மேல் வலது கோடு பின்னணியோடு கலந்து, ஆறு மாதிரிதான் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ஜேபெக் வெளிச்சத்தை ஒரு தட்டில், நிறத்தைத் தனித் தட்டில் வைக்கும், நிறத்தைப் பெரும்பாலும் பாதி அளவுக்குக் குறைத்துத்தான் வைக்கும், அதனால் கறுப்பில் மெல்லிய சிவப்புக் கோடு என்றால் அதுதான் முதலில் நசுங்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இப்போது எண் பலகையை மட்டும் வெட்டி ஒரு படம், நண்டை மல்லாத்தி வயிறு தெரிய ஒரு படம். வயிறு வெள்ளை வெளேரென்று இருந்தால் இப்போதுதான் ஓடு மாற்றியது, உள்ளே சதை குறைவு, வாங்குகிறவர் அதைத்தான் பார்ப்பார். அதே 1600 பிக்சல்தான், ஆனால் முழுவதும் எண்ணுக்கும் வயிற்றுக்கும் போய்ச் சேருகிறது. உங்கள் படத்திலும் முழுப் படம் ஒன்று அனுப்பிவிட்டு, முகங்களை இரண்டு மூன்று பேராக மூலப் படத்திலிருந்து வெட்டித் தனித்தனியாக அனுப்பிப் பாருங்கள், எல்லோருக்கும் முகம் தெரியும்.

இரண்டாவது, இது கடல் ஆட்களுக்கு. படத்தைக் கெடாமல் அனுப்ப டாக்குமென்டாக அனுப்பு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், டாக்குமென்டாகப் போனால் ஒரு பிக்சல்கூட மாறாது, வாட்ஸ்அப்பில் 2 ஜிபி வரை போகும். ஆனால் கேமராவில் லொகேஷன் போட்டிருந்தால், எந்த இடத்தில் எடுத்தது என்ற அட்சரேகை தீர்க்கரேகையும் கோப்புக்குள்ளேயே உட்கார்ந்து கூடப் போகும். படமாக அனுப்பினால் அதை வாட்ஸ்அப் கழற்றிவிடும். எங்கள் மச்சான் தென்கடலில் ஒரு பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) நல்ல கலவாய் மீன் பட்ட சந்தோஷத்தில் படகிலேயே படமெடுத்து, தெளிவாக இருக்கட்டும் என்று டாக்குமென்டாக நண்பர்களுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் அந்தப் பாரில் நான்கு வத்தைப் படகு நின்றது. அப்பாவும் பிள்ளையுமாகப் பல வருடம் காத்துவைத்த இடம். கேமரா செட்டிங்கில் லொகேஷனை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போங்கள் என்று அதிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மண்டபத்துக்காரி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கடல்பாசி எடுக்கிற பெண்களின் குழுவுக்கு விண்ணப்பம் எல்லாம் நான்தான் ஏற்றிக் கொடுக்கிறேன், ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். விண்ணப்பத் தளங்களில் 50 கேபி-க்குள் போட்டோ, 20 கேபி-க்குள் கையெழுத்து என்றெல்லாம் கேட்பார்கள். உடனே தேடி, முதலில் வருகிற ஏதோ ஒரு தளத்தில் ஆதாரையும் பாஸ்புக்கையும் ஏற்றிச் சுருக்காதீர்கள். அது யாருடைய கம்ப்யூட்டருக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது. ஸ்டுடியோ அண்ணன் சொன்னது போல் கருவியை விட்டு வெளியே போகாத வழியைப் பாருங்கள், பல போன்களில் கேலரியிலேயே அளவு மாற்றும் வசதி இருக்கிறது. தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கி 50 கேபி ஆக்குவதைவிட, பிக்சலைக் குறைத்துத் தரத்தை ஓரளவு வைத்தால் முகம் சுத்தமாக இருக்கும். முகம் கலங்கியிருப்பதால்தான் பலருடைய விண்ணப்பம் திரும்பி வருகிறது.

தங்கச்சிமடத்துப் பேத்தி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவே உட்கார்ந்து சோதனை செய்து பார்த்தேன். ஆல்பத்தில் வேறொரு படத்தை வாசல் வெளிச்சத்தில் எடுத்து, ஒன்றை அப்படியே குழுவில் போட்டேன், ஒன்றை 1600-க்கு நானே சுருக்கிப் போட்டேன், முகத்தை மட்டும் வெட்டி ஒன்று போட்டேன். முதல் இரண்டுக்கும் லேசான வித்தியாசம்தான், ஆனால் வெட்டிப் போட்டது வேறு உலகம், தாத்தாவின் சட்டைப் பையில் பேனா செருகியிருப்பது வரை தெரிகிறது. இத்தனை வருடம் அந்தப் படத்தைக் கையில் வைத்துப் பார்த்தும் அந்தப் பேனாவை நான் பார்த்ததில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். வாட்ஸ்அப்பில் எச்டி என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் போதுமா? சித்தி மகள் ஐபோனில் எடுத்து டாக்குமென்டாக அனுப்பிய படங்கள் பெரியப்பாவின் போனில் திறக்கவே மாட்டேன் என்கின்றன, அது ஏன்?

கீழக்கரை ஸ்டுடியோ:

எச்டி 2023-இல் வந்தது. சாதாரணத்தைவிடப் பெரிய அளவில் போகும், ஆனால் அதுவும் சுருக்கம்தான், மூலம் அல்ல. அவசரத்துக்குச் சிறிய பிரிண்ட் போட எச்டி போதும். சட்டம் அடிக்கிற படத்துக்கு டாக்குமென்ட், அல்லது கையில் பென்டிரைவ்.

ஐபோன் 2017-க்குப் பிறகு ஹெய்க் (HEIC) என்ற வடிவத்தில் சேமிக்கிறது, நல்ல வடிவம்தான், ஜேபெக்கைவிடச் சின்னக் கோப்பில் அதே தரம் கிடைக்கும், ஆனால் பழைய போன்கள் பலவற்றுக்கு அது புரியாது. செட்டிங்கில் கேமரா, ஃபார்மேட்ஸ் போய் இரண்டாவதாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், ஜேபெக்காக எடுக்கும்.

குழுவைப் படம் பத்திரப்படுத்தும் அலமாரியாக நினைத்துவிட மட்டும் வேண்டாம், இதைத் தயவுசெய்து எல்லோரிடமும் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பியதை ஒருவர் அப்போதே இறக்கிக்கொள்ளாமல் வெகுநாள் கழித்துத் தொட்டால், மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்றுதான் வரும். அனுப்பியவரும் அழித்திருந்தால் கதை முடிந்தது.

தங்கச்சிமடத்துப் பேத்தி:

அண்ணே, ஸ்கேனர் எங்கள் தெருவில் யாரிடமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடை உண்டா? தேவாலயப் படம் மட்டும் ஆல்பத்தின் கறுப்புத் தாளோடு பசை போட்டு ஒட்டியிருக்கிறது, மெதுவாகப் பிய்த்து எடுத்துக்கொண்டு வரட்டுமா?

கீழக்கரை ஸ்டுடியோ:

வேண்டாம் தங்கச்சி, கையே வைக்காதீர்கள். அந்தக் காலத்துப் பசை படத்தின் முதுகைப் பிடித்திருக்கும், பிய்த்தால் முகத்தோடு உரிந்து வரும். ஆல்பத்தோடு அப்படியே வெள்ளைத் துணியில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் பை போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். தாளோடு சேர்த்தே கண்ணாடி மேல் கவிழ்த்து ஸ்கேன் எடுத்துவிடலாம். ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறப்பேன், அசர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் இருக்காது, அப்போது வந்தால் நிதானமாகச் செய்யலாம்.

முடிந்தால் அப்பத்தாவையும் கூட்டி வாருங்கள். பெரிய திரையில் ஒவ்வொரு முகமாக நிறுத்துகிறேன், பதினோரு பேரும் யார் யார் என்று அவர் சொல்லச் சொல்ல, வரிசைப்படி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயரைக் கோப்புக்குள் பதிந்தாலும் குழுவில் படமாகப் போட்டவுடன் அது உதிர்ந்துவிடும், கோப்பின் பெயரும் மாறிவிடும், அதனால் அனுப்பும்போது படத்துக்குக் கீழே பெயர்களைக் கையால் தட்டி அனுப்புங்கள்.